எண்ணெய் பிரியும் வரை: வீட்டில் சிங்கப்பூர் லக்சா செய்யும் முறை

நூடுல்ஸும் குழம்பும் சேர்ந்த லக்சாவை வீட்டில் செய்தேன், கடைச் சுவை வரவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, விழுதை எவ்வளவு நேரம் வதக்கினீர்கள் என்பதைத்தான். ஐந்து நிமிடம் என்று பதில் வந்தால் காரணம் தெரிந்துவிட்டது. இறால் புதியதா, தேங்காய்ப்பால் பிழிந்ததா பெட்டியில் வாங்கியதா, நூடுல்ஸ் எந்த ரகம் என்பதெல்லாம் அதற்கு அடுத்த கவலைகள். அரைத்த விழுது சிறுதீயில் பொறுமையாக வதங்கி, ஓரங்களில் சிவந்த எண்ணெய் பிரிந்து நிற்க வேண்டும். அந்த நிலையை அடைந்த விழுது கையில் இருந்தால், மீதி வேலை எல்லாம் சேர்ப்பதும் கொதிக்க வைப்பதும்தான். அதனால் இந்த வழிகாட்டியில் வதக்கலுக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன். நூடுல்ஸ் வேக வைப்பதற்குச் சில வரிகளே போதும்.

எந்த லக்சா?

லக்சா என்ற பெயரில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கிடைப்பது ஒரே உணவன்று. பினாங்கு அசாம் லக்சாவில் தேங்காய்ப்பாலே கிடையாது. கானாங்கெளுத்தி மீனை வேக வைத்து உதிர்த்து, புளிப்பான சாறாகக் காய்ச்சி, மேலே இஞ்சிப்பூவை மெல்லியதாக நறுக்கிப் போடுவார்கள். சரவாக் லக்சாவில் தேங்காய்ப்பாலும் புளியும் ஒன்றாகச் சேரும், முட்டையை ஆம்லெட் போட்டு நாடா நாடாக வெட்டி மேலே வைப்பார்கள். ஜொகூர் லக்சாவுக்கு ஸ்பாகெட்டிதான் நூடுல்ஸ். கேட்டவர்கள் முதலில் நம்ப மாட்டார்கள், ஆனால் அங்கே அதுதான் மரபு. கோலாலம்பூர்ப் பக்கம் கிடைக்கும் கறி லக்சாவில் மசாலைத்தூளும் கறிவேப்பிலையும் விழும். அதில் இந்தியச் சமையலின் கை நேராகவே தெரியும்.

இங்கே நான் சொல்லப்போவது சிங்கப்பூரில் கிடைக்கும் நோன்யா லக்சா. மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் துறைமுகங்களுக்கு வணிகத்துக்காக வந்த சீனர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து வேரூன்றிய சமூகம் பெரனாக்கான் சமூகம். அதில் ஆண்களை பாபா என்றும் பெண்களை நோன்யா என்றும் அழைப்பார்கள். சீனர்களின் நூடுல்ஸ், மலாய்க்காரர்கள் 'ரெம்பா' என்று சொல்லும் அரைத்த மசாலை, தென்கிழக்காசியாவின் தேங்காய்ப்பால் மூன்றும் அந்த அடுப்படியில் ஒன்று சேர்ந்தன. சிங்கப்பூரின் கிழக்கில் உள்ள காத்தோங் வட்டாரம் இதற்குப் பெயர்போனது. காத்தோங் லக்சாவில் நூடுல்ஸைச் சிறிதாக வெட்டிப் போட்டுவிடுவார்கள். குச்சி வேண்டாம், கரண்டி ஒன்றே போதும். ஒவ்வொரு வாய்க்கும் குழம்பும் நூடுல்ஸும் சேர்ந்தே வரும். எனக்கு இந்த முறைதான் பிடிக்கும். வீட்டில் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் பரிமாற இதைவிட வசதி வேறில்லை.

நேரத்தை எப்படிப் பிரிப்பது

முதல் தடவை செய்பவர்கள் இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் பாதி ஊற வைப்பதற்கும் அரைப்பதற்கும் போய்விடும். முடிந்தால் விழுதை முதல் நாள் மாலையே வதக்கிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடலாம். ஒரு நாள் கழித்து அதன் சுவை கூடுமே தவிரக் குறையாது. குழம்பைச் சாப்பிடும் அன்றைக்குக் காய்ச்ச வேண்டும். நூடுல்ஸைப் பரிமாறும் நேரத்தில்தான் வேக வைக்க வேண்டும்.

விழுதுக்கு வேண்டியவை (நான்கு பேருக்கு)

காய்ந்த நீள மிளகாய் 20
சின்ன வெங்காயம் 200 கிராம்
பூண்டு 5 பல்
எலுமிச்சைப் புல் 3 தண்டு, அடியிலுள்ள வெள்ளைப் பகுதி மட்டும்
பேரரத்தை இரண்டு அங்குலத் துண்டு
பச்சை மஞ்சள் ஓர் அங்குலத் துண்டு, அல்லது மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி
புவா கெராஸ் 6
காய்ந்த இறால் 40 கிராம்
பெலாச்சான் 15 கிராம்
மல்லித்தூள் ஒரு மேசைக்கரண்டி
எண்ணெய் 150 மில்லி

இவற்றில் சிலவற்றை வாங்கும்போதே கவனிக்க வேண்டும்.

மிளகாய் நிறத்துக்காகத்தான் இத்தனை. உறைப்பு கூடினால் தேங்காய்ப்பாலின் இனிமையும் இறாலின் வாசமும் அதில் மறைந்துவிடும். தமிழ்நாட்டில் செய்பவர்கள் காஷ்மீரி அல்லது பியாட்கி மிளகாயை முக்கால் பங்கும், வழக்கமான நீள மிளகாயைக் கால் பங்கும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாகக் கிள்ளி விதைகளை உதறிவிட்டு, கொதிநீரில் இருபது நிமிடம் ஊற விடுங்கள். ஊறிய தோல் விரலுக்கு மெத்தென்று இருக்க வேண்டும். சரியாக ஊறாத மிளகாய் மிக்ஸியில் சிறு சிறு தகடுகளாகவே நிற்கும், பிறகு எவ்வளவு வதக்கினாலும் நாக்கில் இடறும்.

பேரரத்தையும் இஞ்சியும் பார்வைக்கு உறவுபோலத் தெரிந்தாலும் வாசம் வேறு. பேரரத்தையில் பைன் மரப் பிசினைப் போன்ற ஒரு மணம் இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் காய்ந்த சித்தரத்தை இதற்கு மாற்றாகாது, அதன் காரமும் கசப்பும் குழம்பை மருந்தாக்கிவிடும். பேரரத்தை கிடைக்கவில்லை என்றால் பாதி அளவு இளம் இஞ்சி போடுங்கள், அவ்வளவுதான்.

புவா கெராஸ் வெளிர்மஞ்சள் நிறத்தில், உருண்டையாக, எண்ணெய் நிறைந்த ஒரு பருப்பு. குழம்புக்குக் கெட்டித்தன்மையும் வழவழப்பும் தருவது இதுதான். இதைப் பச்சையாகத் தின்னக் கூடாது. பச்சைப் பருப்பில் நச்சுத்தன்மை உண்டு, வயிற்றைப் புரட்டிவிடும். வெந்த பிறகு பயமில்லை. வாங்கும்போது ஒன்றை உடைத்து முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடை அடித்தால் அந்தப் பொட்டலத்தை அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுங்கள். கிடைக்காத ஊரில் முந்திரிப்பருப்பு எட்டு போட்டால் வேலை நடக்கும்.

காய்ந்த இறாலைச் சிங்கப்பூரில் தேக்கா ஈரச்சந்தை முதல் எந்தச் சந்தையிலும் வாங்கலாம். ஆரஞ்சு நிறத்தில், லேசாக வளைந்து, அழுத்தினால் சற்றே விட்டுக்கொடுக்க வேண்டும். கட்டாந்தரைபோல இறுகியிருந்தால் பழையது. தமிழகக் கடலோர ஊர்களில் கிடைக்கும் கூனிக் கருவாடு நல்ல மாற்று. மண் இருக்கும் என்பதால் மூன்று நான்கு தடவை அலசுங்கள். எதுவானாலும் வெந்நீரில் கால் மணி நேரம் ஊற வைத்து, ஊறிய நீரைக் கொட்டாமல் எடுத்து வையுங்கள். தெளிந்ததும் மேல்நீரைக் குழம்பில் ஊற்றலாம்.

பெலாச்சான் என்பது மிகச் சிறிய இறால்களை உப்புச் சேர்த்து, இடித்து, வெயிலில் காய வைத்துப் புளிக்க விட்ட கட்டி. பச்சையாக முகர்ந்தால் மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். அதனால் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். லக்சாவின் ஆழம் இதிலிருந்துதான் வருகிறது. மெல்லிய வில்லையாகத் தட்டி, வெறும் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சிறுதீயில் சுடுங்கள். ஓரம் காய்ந்து, விரலால் தொட்டதும் பொடியாக உதிரும்போது எடுத்துவிடலாம். சுடும் நேரத்தில் சன்னல்களைத் திறந்து வையுங்கள். துணி காயப் போட்டிருந்தால் முதலில் உள்ளே எடுத்துவிடுங்கள்.

இறால் சாறு

தலையும் ஓடும் உள்ள நடுத்தர இறால் 600 கிராம் வாங்குங்கள். உரித்துச் சுத்தம் செய்த இறால் பொட்டலம் இதற்கு உதவாது. சுவையின் பெரும்பகுதி தலையில்தான் இருக்கிறது. முதுகு நரம்பை நீக்கிய சதையைத் தனியே வைத்துவிட்டு, தலைகளையும் ஓடுகளையும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் வதக்குங்கள். சாம்பல் நிறம் மாறிச் செவ்வாரஞ்சு நிறமாகும். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று நிமிடம் விடாமல், ஓடு பாத்திரத்தில் உரசும் ஓசை கேட்கும் வரை வதக்க வேண்டும். கரண்டியின் பின்புறத்தால் தலைகளை அழுத்தி நசுக்குங்கள். உள்ளிருக்கும் ஆரஞ்சு நிறக் கொழுப்பு எண்ணெயில் இறங்கும். இந்த நிறமும் மணமும் நீரில் கரைவதைவிட எண்ணெயில் நன்றாகக் கரையும், அதனால்தான் முதலிலேயே நீர் ஊற்றிவிடக் கூடாது.

இப்போது ஒன்றரை லிட்டர் நீர் ஊற்றி, கொதி வந்ததும் தீயைக் குறைத்து, அரை மணி நேரம் விடுங்கள். மேலே திரளும் நுரையை எடுத்துவிடுங்கள். வடிகட்டினால் ஏறக்குறைய 1.2 லிட்டர் சாறு கிடைக்கும். கோழி எலும்பு இருந்தால் நான்கைந்து துண்டு சேர்க்கலாம், சாறு இன்னும் திடமாகும். உரித்து வைத்த இறாலை இந்தச் சாற்றிலேயே ஒன்றரை நிமிடம் போட்டு, வளைந்து நிறம் மாறியதும் அரித்தெடுத்து ஆற வையுங்கள். கடைசியில் குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டால் இறால் ரப்பராகிவிடும்.

அரைக்கும் வரிசை

அம்மியில் அரைத்தவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும்: கடினமானது முதலில், ஈரமானது கடைசியில். மிக்ஸியிலும் அதே வரிசைதான். எலுமிச்சைப் புல்லைக் கூடியவரை மெல்லிய வில்லைகளாக, நாருக்குக் குறுக்கே நறுக்குங்கள். அதையும் பேரரத்தையையும் மஞ்சளையும் முதலில் அரைத்து, பிறகு ஊறிய மிளகாயும் காய்ந்த இறாலும் புவா கெராஸும் சேர்த்து, கடைசியில் வெங்காயம், பூண்டு, சுட்ட பெலாச்சான் போட்டு நைசாக அரையுங்கள்.

மிக்ஸி சுற்ற மறுத்தால் தண்ணீர் ஊற்றத் தோன்றும். அதற்குப் பதிலாக எடுத்து வைத்த எண்ணெயில் நான்கைந்து கரண்டி ஊற்றுங்கள். ஊற்றிய தண்ணீர் அத்தனையும் வாணலியில் ஆவியாக வேண்டும். அது ஆவியாகி முடியும் வரை விழுது வேகுமே தவிர வதங்காது.

வதக்கல்

அடி கனமான, அகலமான வாணலியை எடுத்துக்கொள்ளுங்கள். மீதி எண்ணெய் முழுவதையும் ஊற்றுங்கள். பார்க்க அதிகமாகத் தெரியும், குறைக்காதீர்கள். வேண்டாத எண்ணெயைப் பிறகு மேலிருந்து வழித்து எடுத்துவிடலாம். எண்ணெய் மிதமாகச் சூடானதும் விழுதைப் போடுங்கள். புகை வரும் அளவுக்குக் காய்ந்திருந்தால் மிளகாய் அந்தக் கணமே கருகிக் கசந்துவிடும்.

முதல் ஐந்து நிமிடம் விழுது எண்ணெயைக் குடித்துவிட்டதுபோல இருக்கும். பெரிய குமிழிகள் வெடிக்கும், வெங்காயத்தின் பச்சை வாடை கண்ணைக் கரிக்கும். நிறம் இளஞ்சிவப்பு கலந்த ஆரஞ்சு. இந்தக் கட்டத்தில் கிண்டிக்கொண்டிருந்தால் போதும், கவலைப்பட ஒன்றுமில்லை.

அடுத்த ஐந்து நிமிடத்தில் கரிப்பு அடங்கி எலுமிச்சைப் புல்லின் மணம் எழும். விழுது சற்றுக் கனக்கும், கரண்டியில் ஒட்டத் தொடங்கும். இங்கேதான் அடிபிடிக்கும். புவா கெராஸும் காய்ந்த இறாலும் அடியில் படிந்து தீய்ந்துவிடும் என்பதால் தட்டையான கரண்டியால் அடியைச் சுரண்டிக்கொண்டே இருங்கள். தொலைபேசி அடித்தால் எடுக்க வேண்டாம். மிகவும் ஒட்டினால் ஒரு கரண்டி எண்ணெய் சேர்த்து, தீயை இன்னும் குறையுங்கள்.

பதினைந்து நிமிடம் நெருங்கும்போது ஓசை மாறும். தளதளவென்று கொதித்த சத்தம் போய், சன்னமான பொரியும் சத்தம் கேட்கும். தண்ணீர் போய்விட்டது என்று அதற்குப் பொருள். குமிழிகள் சிறுத்திருக்கும். நிறம் செங்கல் நிறத்தைத் தாண்டி இருண்டிருக்கும். மல்லித்தூளை இப்போது போடுங்கள். முன்னமே போட்டால் கருகும்.

இன்னும் ஐந்து நிமிடம். கரண்டியால் விழுதை ஒரு பக்கம் ஒதுக்கிப் பாருங்கள். ஒதுக்கிய இடத்தில் செவ்வெண்ணெய் கசிந்து வந்து தேங்க வேண்டும், விழுது மீண்டும் சரிந்து அந்த இடத்தை மூடக் கூடாது. வறுத்த இறாலின் மணமும் பருப்பின் மணமும் கலந்து வரும், வெங்காயம் எது மிளகாய் எது என்று மூக்கால் பிரிக்க முடியாது. ஒரு துளியை நாக்கில் வைத்தால் காரம் முதலில் அடிக்காமல், இனிப்பும் உப்பும் முன்னே வந்து காரம் பின்னால் வரும். நம் மீன் குழம்பில் எண்ணெய் பிரிவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த இடத்தைப் பிடிப்பது கடினமில்லை.

இங்கே அவசரப்பட்டால் பின்னால் திருத்த வழியே கிடையாது. சாறு ஊற்றிய பிறகு விழுது வெந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான். வதங்க வேண்டிய சூட்டை அது மறுபடி அடையாது. பச்சை வாடை கிண்ணம் வரை கூடவே வரும். தேங்காய்ப்பாலை எவ்வளவு ஊற்றினாலும் அதை மறைக்க முடியாது.

குழம்பு

வதங்கிய விழுதில் இறால் சாற்றையும், ஊற வைத்த காய்ந்த இறாலின் தெளிநீரையும் ஊற்றி, அடியில் ஒட்டியிருப்பதைக் கரண்டியால் கரைத்துவிடுங்கள். எலுமிச்சைப் புல்லின் மேல்தண்டுகளை எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அவற்றை நசுக்கி, முடிச்சுப் போட்டு உள்ளே இறக்குங்கள். லக்சா இலை இருந்தால் அதன் காம்புகளையும் போடுங்கள். உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, சர்க்கரை இரண்டு தேக்கரண்டி. மிதமான தீயில் இருபது நிமிடம் கொதிக்கட்டும்.

தேங்காய்ப்பால் முற்றிய தேங்காய் ஒன்றிலிருந்து எடுத்ததாக இருந்தால் உத்தமம். முதல் பால் 400 மில்லி தனியாகவும், இரண்டாம் பால் ஒரு குவளை தனியாகவும் பிழிந்துகொள்ளுங்கள். இரண்டாம் பாலைச் சாறுடன் சேர்த்தே கொதிக்க விடலாம். முதல் பால் கடைசியில்தான். தீயை நன்றாகக் குறைத்து, முதல் பாலை ஊற்றி, ஒரே பக்கமாகக் கிளறிக்கொண்டே, ஓரங்களில் சிறு குமிழிகள் எழும் வரை மட்டும் சூடாக்குங்கள். தளதளவென்று கொதித்தால் பாலிலுள்ள கொழுப்பும் நீரும் பிரிந்து திரிதிரியாகும். மேலே சிவந்த எண்ணெய் ஒரு படலமாக மிதப்பது சரிதான், லக்சாவுக்கு அது அழகு. வெண்ணிறத் துணுக்குகள் மிதந்தால்தான் பால் திரிந்துவிட்டது என்று பொருள். பெட்டியில் வரும் பால் அவ்வளவு எளிதில் திரியாது, நேரமில்லாத நாளில் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் புதிதாகப் பிழிந்த பாலின் மணத்துக்கு ஈடு கிடையாது. சிங்கப்பூர் ஈரச்சந்தைகளில் கண்முன்னே துருவிப் பிழிந்து தரும் கடைகள் இன்னும் இருக்கின்றன.

பதம்: ரசத்தைவிடக் கெட்டியாக, குருமாவைவிடத் தளர்வாக. கரண்டியின் முதுகில் மெல்லிய பூச்சாக நிற்க வேண்டும். கெட்டியாகத் தோன்றினால் சாறு சேர்த்துத் தளர்த்துங்கள், வெறும் தண்ணீர் வேண்டாம். காரம் கூடிவிட்டால் இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பாலும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும். உப்பை நூடுல்ஸ் சேரும் என்பதை மனத்தில் வைத்து சற்றே கூடுதலாகவே பாருங்கள், உப்பில்லாத நூடுல்ஸ் கிண்ணத்தில் விழுந்ததும் குழம்பு மட்டுப்பட்டுவிடும்.

பொரித்த தோஃபுவான தாவ் போக் பன்னிரண்டை இரண்டாக வெட்டிப் பால் சேர்ப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னதாகக் குழம்பில் போடுங்கள். அதன் உள்ளே வலைபோன்ற துளைகள் நிறைய உண்டு. குழம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு கடிக்கும்போது விடும். கிடைக்காத ஊரில் கெட்டித் தோஃபுவைச் சதுரங்களாக வெட்டிப் பொன்னிறமாகப் பொரித்துக்கொள்ளலாம். மீன் சதையை அரைத்துச் செய்யும் மீன் கேக்கை மெல்லியதாக அரிந்து வையுங்கள், இல்லையென்றாலும் பாதகமில்லை.

சிப்பிச் சதை பற்றி ஓர் எச்சரிக்கை. கடைகளில் 'கெராங்' எனப்படும் சிப்பியை வெந்நீரில் ஒரு தடவை முக்கி, பாதி வெந்த நிலையில் மேலே வைப்பது வழக்கம். அதன் சுவைக்கு விசிறிகள் ஏராளம். ஆனால் சிப்பிகள் நீரை வடிகட்டி உண்பவை, கழிவுநீர் கலந்த நீரிலிருக்கும் கிருமிகள் அவற்றில் சேர்ந்துவிடும். 1988இல் ஷாங்காயில் சரியாக வேகாத சிப்பியைத் தின்று ஏறக்குறைய மூன்று லட்சம் பேருக்கு ஹெப்படைடிஸ் ஏ தொற்றியது. வீட்டில் போடுவதாக இருந்தால் முழுமையாக வேக வைத்தே போடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் சிப்பியே வேண்டாம்.

லக்சா இலை

மலாயில் 'தாவுன் கெசும்' என்பார்கள், வியட்நாமியர்கள் 'ராவ் ராம்' என்பார்கள். ஈட்டிபோல் நீண்ட இலை, நடுவில் சில சமயம் கருஞ்சிவப்பு அடையாளம் இருக்கும். கிள்ளி முகர்ந்தால் மிளகின் காரமும் கொத்தமல்லியும் எலுமிச்சையும் கலந்த மணம். இதைப் பொடிப்பொடியாக நறுக்கி, பரிமாறும் நேரத்தில்தான் தூவ வேண்டும். குழம்பில் கொதித்தால் மணம் போய்விடும். இந்த இலை இல்லாத லக்சா எனக்கு அரைகுறைதான். வாங்கிய கட்டில் இரண்டு காம்பை எடுத்து ஒரு குவளை நீரில் நிற்க வையுங்கள். சில நாளில் வேர்விடும். தொட்டியில் நட்டு ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால், சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில்கூடப் புதராக வளரும். அதுவரைக்கும் கொத்தமல்லித் தழை இரண்டு பங்கு, புதினா ஒரு பங்கு கலந்து சமாளிக்கலாம்.

சம்பல்

காரம் வேண்டுபவர்களுக்குக் குழம்பை உறைப்பாக்குவதைவிடத் தனியே சம்பல் வைப்பதே முறை. ஊற வைத்த மிளகாய் 15, சின்ன வெங்காயம் 8, ஒரு மேசைக்கரண்டி காய்ந்த இறால், ஒரு தேக்கரண்டி சுட்ட பெலாச்சான் இவற்றை அரைத்து, நான்கு மேசைக்கரண்டி எண்ணெயில் சிறுதீயில் வதக்குங்கள். கருஞ்சிவப்பாகி எண்ணெய் மேலே வந்ததும் உப்பும் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையும் சேர்த்து இறக்குங்கள். கிண்ணத்தின் ஓரத்தில் ஒரு கரண்டி.

நூடுல்ஸும் பரிமாறலும்

தடித்த, உருண்டையான அரிசி நூடுல்ஸ்தான் இதற்கு உரியது. புதிதாக விற்பது என்றால் நான்கு பேருக்கு 600 கிராம், காய்ந்தது என்றால் 300 கிராம். காய்ந்ததைக் குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊற வைத்துவிட்டு வேக வையுங்கள். ஒன்றைக் கடித்துப் பார்த்து, நடுவில் வெள்ளைப் புள்ளி மறைந்ததும் வடித்து, குளிர்ந்த நீரில் அலசிவிடுங்கள். மெல்லிய அரிசி நூடுல்ஸான மீகூனும் போடலாம், ஆனால் அது குழம்பை வேகமாகக் குடித்துவிடும், உடனே சாப்பிட வேண்டும். இடியாப்பம் கரைந்துபோகும் என்பதால் வேண்டாம்.

முளைப்பயறு 200 கிராமை வேர்நுனி கிள்ளி, கொதிநீரில் பத்து விநாடி முக்கி எடுங்கள். மொறுமொறுப்பு குறையக் கூடாது. முட்டை இரண்டை அவித்துப் பாதியாக வெட்டுங்கள்.

உணவங்காடிக் கடைகளில் லக்சா பரிமாறுபவரின் கையைக் கவனித்திருக்கிறீர்களா? கிண்ணத்தில் நூடுல்ஸையும் முளைப்பயறையும் போட்டு, கொதிக்கும் குழம்பை ஊற்றுவார். கரண்டியால் நூடுல்ஸைத் தடுத்துப் பிடித்தபடி குழம்பை மட்டும் பானைக்கே திருப்பி வடிப்பார். மறுபடி ஊற்றுவார், மறுபடி வடிப்பார். ஆறிப்போன நூடுல்ஸ் உள்வரை சூடேறவும், அதில் தங்கியிருக்கும் நீர் வெளியேறி அந்த இடத்தில் குழம்பு புகவும்தான் அப்படிச் செய்கிறார். வீட்டிலும் இதையே செய்யுங்கள். மூன்று தடவை போதும். காத்தோங் முறையில் வேண்டுமென்றால் கிண்ணத்தில் போடும் முன்பே நூடுல்ஸைக் கத்தரிக்கோலால் இரண்டு அங்குல நீளத்துக்கு வெட்டிவிடுங்கள். கடைசி ஊற்றலுக்குப் பிறகு இறால், மீன் கேக், தாவ் போக், முட்டை வைத்து, மேலிருந்து ஒரு கரண்டி செவ்வெண்ணெய் விட்டு, லக்சா இலை தூவி, சம்பல் வைத்து உடனே கொடுங்கள்.

சைவமாகச் செய்ய

செய்யலாம், நன்றாகவே வரும். இறால் சாற்றுக்குப் பதிலாகக் காய்ந்த ஷிட்டாகே காளான் பத்தை ஒன்றரை லிட்டர் வெந்நீரில் ஊற வைத்து, ஒரு துண்டு முள்ளங்கியும் முட்டைக்கோஸ் இலைகளும் சேர்த்து அரை மணி நேரம் கொதிக்க வைத்த சாறு. பெலாச்சானுக்கும் காய்ந்த இறாலுக்கும் ஈடாக, புளிக்க வைத்த சோயாமொச்சை விழுதான தவ்சியோ இரண்டு மேசைக்கரண்டி. அதில் உப்பு தூக்கலாக இருக்கும் என்பதால் குழம்பில் உப்பைப் பாதியாகக் குறையுங்கள். தாவ் போக்கைக் கூட்டி, ஊறிய காளானை நறுக்கிப் போட்டு, நீளத்துண்டுகளாகப் பொரித்த கத்தரிக்காயும் சேர்த்தால் கிண்ணம் நிறையும். வதக்கும் நேரத்தில் மட்டும் எந்தச் சலுகையும் கிடையாது.

மீந்தால்

தேங்காய்ப்பால் சேர்ந்த குழம்பு வெப்பத்தில் சீக்கிரம் கெட்டுப்போகும். சாப்பிட்டு முடித்ததும் ஆற வைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், மறுநாளே தீர்த்துவிடுங்கள். நூடுல்ஸைக் குழம்பில் போட்டு வைக்கக் கூடாது, காலையில் கூழாகியிருக்கும். விழுது விஷயம் வேறு. இரண்டு மடங்கு அரைத்து வதக்கி, பாதியைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு, மேலே எண்ணெய் மூடி நிற்கும்படி குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். உறைபெட்டியில் சிறு பொட்டலங்களாகக் கட்டி வைத்தால் மூன்று மாதம். எடுத்த பொட்டலத்தை வாணலியில் இட்டு, எண்ணெய் மீண்டும் கசியும் வரை சூடாக்கிவிட்டுச் சாறு ஊற்றினால், அரை மணி நேரத்தில் கிண்ணம் மேசைக்கு வந்துவிடும்.